எதிர்க்கரைச் சாவி

தன் ஊர் மதகைத் தன் ஊர்க்காரன் தொடக்கூடாது. கூட்டு வாரியத்தின் முதல் விதி அதுதான்; மற்ற விதிகளெல்லாம் அதற்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள். மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, இரண்டு ஊர்களுக்கும் நடுவே நுழைவதற்கு முன்னால் ஓர் அணையில் வந்து முட்டுகிறது. அணையின் இரண்டு முனையிலும் ஊருக்கொரு மதகு. இந்த முனையைத் திறந்தால் தண்ணீர் இக்கரை ஊரின் வாய்க்காலில் போகும். அந்த முனையைத் திறந்தால் அக்கரை ஊரின் வாய்க்காலில். வெள்ளக் காலத்தில் ஆறு மட்டும் அத்தனையையும் சுமக்காது, இரண்டு வாய்க்காலும் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டும். பங்கு சமமாக இருந்தால் இரண்டு ஊர்த் தாழ்ந்த தெருவிலும் கணுக்கால் தண்ணீரோடு போய்விடும். ஒருவன் தன் மதகை அடைத்துக்கொண்டால் மற்றவன் ஊரில் கழுத்தளவு.

வாரியம் வருவதற்கு முன்னால் அப்படித்தான் நடந்தது. ஒரு வெள்ளத்தில் இவர்கள் அடைத்தார்கள், அங்கே பிணம் மிதந்தது. அடுத்த வெள்ளத்தில் அவர்கள் அடைத்தார்கள், இங்கே மிதந்தது. கடைசியில் இரண்டு நகராட்சியும் கூடி உட்கார்ந்து, இக்கரை மதகுக்கு அக்கரை ஆளையும், அக்கரை மதகுக்கு இக்கரை ஆளையும் காவல் போட்டார்கள். என் குடும்பம் உன் கையில், உன் குடும்பம் என் கையில். நம்பிக்கையில் பிறந்த ஏற்பாடு என்று மேடையில் பேசுவார்கள். நம்பிக்கையாவது, மண்ணாங்கட்டியாவது. பயத்தில் பிறந்த ஏற்பாடு.

அப்படிப் போட்ட ஆட்களில் அவளும் ஒருத்தி. இக்கரைக்காரி, அக்கரை மதகின் காவல்காரி. எதிர் முனையில் இருந்தவரை அவள் மனசுக்குள் இருமல்காரர் என்று வைத்திருந்தாள். இரண்டு மதகு அறைக்கும் நடுவே ஒரு தொலைபேசிக் கம்பி உண்டு. மணி அடித்ததும் முதலில் ஓர் இருமல் கேட்கும், பிறகுதான் மனிதர் பேசுவார். "ஒரு சுத்து தூக்கவாம்மா?" என்பார். "சரிண்ணே, நானும் தூக்குறேன்" என்பாள். இருவரும் ஒரே நேரத்தில் சக்கரத்தைச் சுற்றுவார்கள். இத்தனை வருஷத்தில் இருவருக்கும் நடந்த பேச்சில் பாதி அவ்வளவுதான். மீதிப் பாதி சண்டை. விடுப்பு மாற்றித் தரவில்லை என்று அவள் ஒருமுறை இரண்டு மாதம் அவரோடு சுற்றுக் கணக்குக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மதியம் சோற்று டப்பாவைத் திறக்கும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கை கழுவுவதற்குள் மழை பிடித்தது. மழை என்றால் தூறல், சாரல் என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற மழை இல்லை. இரண்டு மதகையும் இணைத்து எதிரே நின்ற பாலம் காணாமல் போகிற மழை. முதலில் மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. மதகுத் தொலைபேசி மட்டும் உயிரோடு இருந்தது. அவரும் அவளும் பேசிப் பேசி இரண்டு மதகையும் கால் பங்கு வரை தூக்கி வைத்தார்கள். அதற்குப் பிறகு அதுவும் செத்தது. எடுத்துக் காதில் வைத்தால் சும்மா ஒரு இரைச்சல்.

அவளுக்குப் பயம் பிடித்தது. காரணம் மழை இல்லை. மழையை அவள் பார்த்திருக்கிறாள். இக்கரை ஊரிலேயே தாழ்ந்த தெரு அவளுடைய தெரு. அந்தத் தெருவில் ஒற்றைத் தளம் போட்ட வீட்டில், தொடையிலிருந்து குதிகால் வரை மாவுக்கட்டுப் போட்ட காலோடு, அவளுடைய பன்னிரண்டு வயது மகள் குட்டி தனியாகப் படுத்திருந்தாள். கணவன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். பக்கத்து வீட்டக்கா அவ்வப்போது எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்த அக்காவுக்கே முட்டிவலி, இந்தப் பிள்ளையைத் தூக்கிப் பரணில் ஏற்ற அவளால் ஆகாது. கணுக்கால் தண்ணீர் வந்தால் குட்டி கட்டிலில் உட்கார்ந்துகொள்வாள். இடுப்பளவு வந்தால்? அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

அவள் ஜன்னல் வழியே அளவுகல்லைப் பார்த்தாள். அளவுகல் என்பது மதகுக்கு முன்னால் தண்ணீரில் நட்டிருக்கும் கோடு போட்ட கல்தூண். ஆறு எத்தனை கோட்டில் நிற்கிறது என்பதை அது சொல்லும். அது அப்போது சொன்ன சேதியை அவளால் நம்ப முடியவில்லை. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

மழை அப்படியே கொட்டுகிறது, மலையிலும் கொட்டுகிறது. அவளுடைய மதகு கால் பங்கில் அசையாமல் நிற்கிறது. பிறகு ஆறு எப்படி இறங்கும்? தண்ணீர் வேறெங்கோ போக வேண்டும். வேறெங்கே? இருக்கிற வழி இரண்டுதான். ஒன்று அவள் கையில். மற்றொன்று இருமல்காரர் கையில்.

'பாவி மனுஷா, தெறந்துட்டியா?' என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

மதகைப் பாதி வரை காவல்காரரே தனியாகத் திறக்கலாம். பாதிக்கு மேல் போக முடியாதபடி சக்கரத்தில் ஒரு சங்கிலி, சங்கிலிக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. இரண்டு ஊர்த் தலைவர்களும் ஒப்பினால்தான் இரண்டு சாவியும் ஒன்று சேர வேண்டும் என்பது விதி. ஆனால் பாதி போதுமே. அவர் தன் முனையைப் பாதி திறந்துவிட்டால் அவருடைய அக்கரை பிழைத்துக்கொள்ளும், அவளுடைய தெரு முழுகிப் போகும். தொலைபேசி செத்ததும் அந்த மனிதருக்குப் புத்தி போயிருக்கும். யாருக்குத்தான் போகாது? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அவள் கை தானாகச் சக்கரத்தில் போய் உட்கார்ந்தது. இவளும் திறந்தால் தண்ணீர் இந்தப் பக்கம் இழுக்கும், குட்டியின் தெருவில் ஒரு சாண் குறையும். அக்கரைத் தெருக்களில் ஒரு சாண் கூடும். கூடட்டுமே. அவர் மட்டும் யோக்கியமா? பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். அரைச் சுற்று சுற்றியிருப்பாள், கை மரத்துவிட்டது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் தெருவிலும் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒன்று எழுந்து ஓட முடியாமல் படுத்திருக்கும் என்று நினைப்பு வந்தது. சக்கரத்தை விட்டுவிட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு பாலத்தில் இறங்கினாள். கண்ணால் பார்த்துவிடலாம். அவர் மதகு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டால் பிறகு என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

மதகை விட்டு இறங்குவது வாரியத்தில் பெரிய குற்றம். பாலத்தின் கைப்பிடிக் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. கீழே ஆறு உறுமியது. நாலு எட்டு வைப்பாள், நிற்பாள், கம்பியைக் கட்டிக்கொள்வாள், மறுபடி நடப்பாள். காற்று சாக்கைப் பிடுங்கிக்கொண்டு போனது. பாதிப் பாலம் வந்தபோது மழைக்குள்ளிருந்து ஓர் உருவம் தன்னை நோக்கி வருவதைப் பார்த்தாள்.  பிறகு இருமல் கேட்டது.

"எங்க வர்ற?" என்று அவர் கத்தினார். "மதகை விட்டுட்டு எங்க வர்ற நீ?"

"நீங்க எங்க வர்றீங்க?"

"என் பக்கம் தண்ணி எறங்குது. நீ தெறந்துட்ட. என் வீட்டுக்காரி, மருமக, பச்சக்கொழந்த எல்லாரும் வாய்க்கால் ஓரத்துல இருக்காங்க. தெறந்துட்டல்ல? சொல்லு."

"என் பக்கமும்தான் எறங்குது. நீங்கதான் தெறந்தீங்க."

 அவர் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெரிய உருவம், அந்த உருவத்துக்குப் பொருந்தாத சின்னக் குரலில் சொன்னார்: "அரைச் சுத்து தெறந்தேம்மா. பயத்துல. நீ தெறந்துட்டியேன்னு."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "நானும் அரைச் சுத்துதான்" என்றாள்.

இரண்டு பேரும் திருடினார்கள், இரண்டு பேரும் ஒரே அளவு திருடினார்கள், பங்கு மட்டும் அப்போதும் சமமாகவே இருந்தது. கூட்டு வாரியத்தின் வரலாற்றிலேயே அதைவிட ஒழுங்காக ஒரு காரியம் நடந்ததில்லை. ஆனால் அரைச் சுற்றுக்கு ஆறு இப்படி இறங்காது. அது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இருவரும் ஒன்றாகத் திரும்பி மேற்கே, தண்ணீர் வரும் திசையைப் பார்த்தார்கள்.

மழை ஒரு மூச்சு தணிந்தது. கூப்பிடு தூரத்தில், இக்கரைப் பக்கத்து ஆற்றங்கரையில் ஒரு வீட்டளவுக்கு வாய் பிளந்திருந்தது. செம்மண் நிறத் தண்ணீர் அதன் வழியே வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வயலுக்கு அந்தப் பக்கம் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய தெரு.

அந்தக் கரையின் கதையும் வாரியத்தின் கதைதான். கரையை ஒரு வருஷம் இக்கரையும் மறு வருஷம் அக்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இக்கரை நகராட்சிக்கு வருஷம் ஜனவரியில் பிறக்கும். அக்கரை நகராட்சிக்கு ஏப்ரலில். ஜனவரியில் இவர்கள் "எங்கள் முறை முடிந்தது" என்று கையைக் கழுவுவார்கள். "எங்கள் முறை இன்னும் பிறக்கவில்லை" என்று அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கரை அரிக்கத் தொடங்கியதும் அந்த மூன்று மாதத்தில்தான். பிறகு அரிப்பு யார் காலத்தில் வந்தது என்று வாரியத்தில் விவாதம் நடந்தது, தேநீர் கொடுத்தார்கள், கலைந்தார்கள். ஆற்றுக்கு எந்த நகராட்சியின் காலண்டரும் தெரியாது.

அவள் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, என் பொண்ணு வீட்ல இருக்கா. கால்ல மாவுக்கட்டு. நடக்க மாட்டா. தனியா இருக்கா."

அவர் உடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். இக்கரை மதகை முழுக்க அடைத்துவிட வேண்டும், உடைப்புத் தண்ணீருக்கு அந்த வாய்க்காலில் இடம் கிடைக்கும். அக்கரை மதகைப் பாதிக்கு மேல், கடைசி வரை தூக்க வேண்டும், ஆறு அந்தப் பக்கம் இழுபட்டு உடைப்பு மெலியும். அதாவது இத்தனை தண்ணீரும் அவருடைய ஊருக்குள் போக வேண்டும். அதற்கு அவருடைய சாவி வேண்டும்.

அதை அவள் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது? 

"எழுந்திரு" என்றார் அவர். "நீ உன் ரூமுக்குப் போ. நான் என் மதகை மூடிட்டு வர்றேன்." சொல்லிவிட்டுத் திரும்பி மழைக்குள் போய்விட்டார்.

அவள் தன் அறைக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சங்கிலியில் தன் பூட்டைத் திறந்தாள். மற்றப் பூட்டு தொங்கியது. காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பயந்திருக்கிறாள். பிரசவத்துக்குப் பயந்தாள், குட்டி சைக்கிளிலிருந்து விழுந்து கால் ஒடிந்த அன்று பயந்தாள். அதெல்லாம் பயமே இல்லை என்று இப்போது தோன்றியது. அந்த மனிதர் ஏன் வர வேண்டும்? மூடிவிட்டு வருகிறேன் என்று சொன்னவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டால் யார் கேட்பது? பச்சைக் குழந்தை இருக்கிறது என்றாரே. மூடாமல் இன்னும் திறந்துவிட்டால்? அதையும் யார் கேட்பது? அவர் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தாள். பதில் சட்டென்று வந்தது. தான் வரமாட்டோம். அந்தப் பதில்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

கதவு படாரென்று திறந்தது. இருமல். அவர் உள்ளே வந்து சாவியைப் பூட்டில் விட்டார். ஈரத்தில் இரண்டு தடவை நழுவியது. அவள் பூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டாள். திறந்ததும் சங்கிலி தரையில் விழுந்தது.

"அண்ணே, தலைவருங்க ரெண்டு பேரும் சொல்லாம..."

"அவங்களுக்கு நீந்தத் தெரியுமான்னு கேட்டுட்டு வரட்டுமா?" என்றார். "செல்போன் போறதுக்கு முன்னாடியே என் பையங்கிட்ட சொல்லியிருக்கேன், தண்ணி ஜாஸ்தியானா எல்லாரையும் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏத்திடுடான்னு. ஏத்தியிருப்பான். உன் பொண்ணை ஏத்த யாரு இருக்கா? பிடி அந்தப் பக்கம்."

சுற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மதகு முனகியது. கீழே தண்ணீர் அக்கரை வாய்க்காலுக்குள் பாயும் சத்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் கனத்தது. அந்தச் சத்தம் அவளுக்கு இனித்தது. எதிரே நிற்பவரின் வீட்டுக்குத்தான் அது போகிறது என்று தெரிந்தும் இனித்தது. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார் என்பது மட்டும் தெரிந்தது.

சக்கரம் முட்டி நின்றது. அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. இருவரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். அளவுகல்லைப் பார்க்க இருவரும் எழவில்லை.

மழை விட்டு வெகு நேரம் கழித்து, அவள் மடியிலிருந்த செல்போனில் ஒரு கோடு வந்தது. எண்ணை அழுத்த விரல் ஒத்துழைக்கவில்லை. அவர்தான் வாங்கி அழுத்திக் கொடுத்தார்.

"அம்மா," என்றாள் குட்டி, "கட்டில் கால் முழுகற வரைக்கும் வந்துச்சும்மா. அப்புறம் நின்னுடுச்சு. அக்கா என்கூடத்தான் இருக்காங்க. கட்டு நனையல." பிறகு, "நீ ஏம்மா அழற?" என்றாள்.

பேசி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் போனை அவரிடம் நீட்டினாள். அவர் தன் வீட்டு எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. மகனின் எண்ணை அழுத்தினார். அதற்கு மணியே போகவில்லை.

"தண்ணி பட்டிருக்கும்ணே" என்றாள்.

"ஆமா. தண்ணி பட்டிருக்கும்."

மறுபடி அழுத்தினார். கட்டில் காலோடு நின்ற பயம், இப்போது அவள் நெஞ்சில் புதிதாக ஏறியது. பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்றால்? தண்ணீர் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தால்? அந்த இனிப்பு நாக்கில் கசந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இருமவில்லை. அத்தனை நேரமும் ஒருமுறைகூட இருமவில்லை.

கடைசியில் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் இல்லை, பலர். முன்னால் வந்த இளைஞனுக்கு நெஞ்சு வரை சேறு. வாசலில் நின்று அறைக்குள் பார்த்தான். "அப்பா" என்றான்.

"அம்மா? கொழந்த?"

"எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருக்காங்க. ஒண்ணும் ஆகல." அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். மகன் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. "வீடு போச்சுப்பா. பின்பக்கச் சுவர் விழுந்துடுச்சு. நம்ம தெருவுல ஒரு வீடு பாக்கி இல்ல. வெளிய எல்லாரும் நிக்கிறாங்க. யாரு தெறந்ததுன்னு கேக்குறாங்க."

அவன் கண் சக்கரத்துக்குப் போனது. தரையில் கிடந்த சங்கிலிக்குப் போனது. இரண்டு பூட்டும் திறந்திருந்தன. இரண்டு சாவி இல்லாமல் அது திறக்காது என்பது இரண்டு ஊரிலும் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டாவது சாவி யார் கையில் இருக்கும் என்பதும் தெரியும். அவன் பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் கையில் கடப்பாரை இருந்தது.

அவர் எழுந்தார். வாயைத் திறக்கப் போகிறார் என்று தெரிந்தது. திறந்தால், அந்த மனிதர் இனி அந்த ஊரில் எந்தத் தெருவில் நடப்பார்?

அவள் முந்திக்கொண்டாள். 

"நான் தெறந்தேன்."

"ரெண்டு சாவி வேணுமே" என்றான் கடப்பாரைக்காரன்.

"மதகை மூடச் சொல்ல அவர் இங்க வந்தாரு. கைல இருந்து பிடுங்கிட்டேன். எம் பொண்ணு கீழ இருந்தா."

அவர் அவளைவிட ஒன்றரை மடங்கு உயரம். அவரிடமிருந்து இவள் பிடுங்கினாளாம். மகன் அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.  பிறகு திரும்பி, பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, "அந்தம்மா பிடுங்கிட்டாங்களாம்" என்றான். அப்பாவின் தோளைப் பிடித்து, "வாங்க, அம்மா தேடறாங்க" என்றான்.

"டேய், அது..." என்று அவர் ஆரம்பித்தார். மகன் பிடியை இறுக்கினான். அவளும் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. அவர் வாசலில் ஒருமுறை நின்றார். இருமல் வந்தது, வார்த்தை வரவில்லை. கூட்டம் அவருக்கு வழி விட்டது, முதுகைத் தட்டிக் கொடுத்தது. அவர்கள் போன பிறகு கூட்டம் மறுபடி மூடிக்கொண்டது.

அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாற்று ஆள் வரும்வரை மதகை விட்டு இறங்கக்கூடாது. மாற்று ஆள் இக்கரையிலிருந்து பாலத்தைத் தாண்டி வர வேண்டும். பாலத்தின் இந்த முனையில் அக்கரைக் கூட்டம்தான் நின்றுகொண்டிருந்தது. வெளியே யாரோ, ரொம்பப் பொறுமையாக, கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.